எண்ணாமல் விட்ட தீபாவளி

சம்பளத்தோடு லீவு என்று யாராவது வாய் நிறையச் சொன்னால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரியும். கொடுக்கிறவர்கள் அதைத் தர்மம் போலப் பேசுவார்கள். வாங்குகிறவர்களிலும் சில பேர் அப்படித்தான் பேசுகிறார்கள். தர்மமாவது மண்ணாங்கட்டியாவது! அந்த ஒரு நாளை வாங்குவதற்கு எத்தனை நாளை முன்னால் கொண்டுபோய்க் கொட்ட வேண்டியிருந்தது என்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் அதை எண்ணிக்கொண்டிருந்தவள் நான். தப்பாக எண்ணியவளும் நான்தான்.

இலங்கைக்குச் சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருக்கும். நாட்டுக்கு அது வந்தது. எங்களிடம் இருந்த ஓட்டுரிமையை அது பிடுங்கிக்கொண்டு போனது. கந்தப்பளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், லயத்து வரிசை வீடுகளில் நடுக் காம்பராவில் நாங்கள் இருந்தோம். அப்பா இல்லை. அம்மாவுக்கு முழங்கால் போய்விட்டதால் வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். அண்ணன் தொழிற்சாலையில். நான் கொழுந்து மலையில். எனக்குப் பத்தொன்பது வயது, தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள் என்று ஒரு திமிரும் இருந்தது.

அந்த வருஷம் வைகாசியில் அண்ணனுக்குக் கல்யாணம். அண்ணி வட்டவளைப் பக்கத்துத் தோட்டம். பன்னிரண்டு பதின்மூன்று வயதிலேயே கூடை தூக்கியவள். அவள் கை செடிமேல் ஓடுவதைப் பார்த்து எங்கள் மலைப் பெண்களே வேலையை நிறுத்திவிட்டு நிற்பார்கள். ஆனால் எங்கள் தோட்டத்து ஆபீசுக்கு அதெல்லாம் கணக்கில்லை. அந்தத் தோட்டத்தில் உழைத்தது அந்தத் தோட்டத்தோடு போயிற்றாம். இங்கே அவள் புது ஆள். வந்து இரண்டு மாதத்துக்குமேல், ஆடி கழியும்வரைக்கும் அவளைப் பதிவு செய்யாமல் அன்றாடக் கூலிக்கு வைத்திருந்தார்கள். அந்த நாள்கள் எந்த லீவுக்கும் சேராது. எட்டு வருஷம் தேயிலை பறித்தவளைப் பார்த்து, நீ இன்னும் வேலைக்கே வரவில்லை என்று சொன்ன மாதிரி.

பதிவு விழுந்த மறு வாரமே அண்ணி முழுகாமல் இருக்கிறாள் என்று அம்மா கண்டுபிடித்துவிட்டாள். நாள் பார்த்தால் மூன்றாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. வீட்டில் சந்தோஷம்தான். ஆனால் அன்று சாயங்காலமே நான் போய்க் கங்காணியைக் கேட்டேன். எங்கள் கங்காணி நல்ல மனுஷன், ஐம்பது வயதுக்காரர், சத்தம் போடுவார், மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ள மாட்டார்.

"புள்ள பெத்தா சம்பளத்தோட வீட்டுல இருக்கலாம்னு சொல்றாங்களே, எங்க அண்ணிக்குக் கெடைக்குமாங்க?"

"நூத்தம்பது பேரு விழுந்திருக்கணும் ஆத்தா. ஒண்ணு கொறஞ்சாலும் கெடையாது. ஆபீஸ்ல அப்படித்தான் சொல்றாங்க."

"அரைப்பேரு?"

"அரைப்பேரு அரைப்பேருதான். நூறு அரைப்பேரு விழுந்தாலும் ஒரு நாளாவாது."

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு நாள் வேலை செய்தால் செக்ரோல் புத்தகத்தில் ஒரு பேர் விழும். அன்றைக்கு எடுக்க வேண்டிய கொழுந்தில் இரண்டு மூன்று றாத்தல் குறைந்தால் அரைப்பேர். காலை ஆறு மணிக்குப் பெரட்டுக்களத்தில் ஆள் கணக்குக் கொடுத்து, அந்தி வரைக்கும் நின்றவளின் நாள், தராசு முள் கொஞ்சம் இந்தப் பக்கம் நின்றால் அரை நாள் ஆகிவிடும். மீதி அரை நாள் அவள் எங்கே இருந்தாள் என்று, கொழுந்து நிறுத்துப் பேர் எழுதுகிற கணக்கப்பிள்ளையை நான் ஒரு தரம் கேட்டிருக்கிறேன். வாயைக் கழுவிவிட்டு வா என்றார்.

குழந்தை பிறந்தபின் நான்கு வாரம். அதற்கு முன்னாலும் கொஞ்ச நாள் உண்டாம். அதை எங்கள் லயத்தில் யாரும் எடுத்துப் பார்த்ததில்லை. அந்த நான்கு வாரம்தான் எங்களுக்குக் குறி. அது கிடைத்தால் அண்ணி வீட்டில் இருந்து குழந்தைக்குப் பால் கொடுப்பாள், உடம்பைத் தேற்றிக்கொள்வாள். கிடைக்காவிட்டால் பச்சை உடம்போடு மலை ஏற வேண்டியதுதான். அண்ணன் சம்பளத்திலும் என் சம்பளத்திலும் நான்கு வயிற்றை நிரப்ப முடியாது. அம்மா என்னை அப்படித்தான் பெற்றாள். பத்தாம் நாள் மலைக்குப் போனாளாம். அவள் முழங்கால் ஏன் போயிற்று என்று டாக்டரைக் கேட்க வேண்டியதில்லை.

கந்தப்பளைக் கடைவீதியில் மளிகைக்காரர் கொடுத்த, சித்திரை முதல் பங்குனி வரைக்கும் உள்ள முருகன் படக் காலண்டர் எங்கள் காம்பரா சுவரில் தொங்கியது. நான் பென்சில் எடுத்துக்கொண்டேன். அண்ணிக்கு முழுப்பேர் விழுந்த நாளுக்கு ஒரு கோடு. அரைப்பேர் விழுந்தால் ஒரு புள்ளி, அது எண்ணிக்கையில் சேராது. சிவப்பில் அச்சடித்த நாள்களைத் தாண்டிப் போய்விடுவேன். ஞாயிறும் பண்டிகையும் யாரும் வேலை செய்யாத நாள்தானே. தினம் அந்தியில் அண்ணி கூடையை இறக்கிவிட்டு முதலில் என் பக்கம்தான் திரும்புவாள்.

"எத்தன ஆச்சு புள்ள?"

நான் எண்ணைச் சொல்வேன். அவள் தலையாட்டிவிட்டு அடுப்படிக்குப் போவாள். ஆபீசில் ஒரு கிளாக்கர் இருந்தார், மேற்பார்வைக்குக் கண்டாக்கு இருந்தார், பெரிய தொரை, சின்னத் தொரை எல்லாம் இருந்தார்கள். அவளுக்கு ஆபீஸ் நான்தான்.

தீபாவளி வந்தது. அண்ணிக்குத் தலைதீபாவளி. ஐப்பசி பிறந்ததுமே அவள் அப்பா போஸ்ட்கார்டு எழுதிவிட்டார். பெண்ணையும் மாப்பிள்ளையையும் அனுப்பி வைக்கச் சொல்லி, அம்மாவுக்கு நமஸ்காரம் எல்லாம் போட்டு. கார்டை அண்ணி மூன்று தரம் என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள்.

இங்கேதான் அந்தச் சட்டம் வருகிறது. தீபாவளிக்குச் சம்பளத்தோடு லீவு உண்டு. ஆனால் முந்தின நாளும் வேலைக்கு வந்திருக்க வேண்டும், அடுத்த நாளும் வர வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் பண்டிகைச் சம்பளம் கிடையாது. கந்தப்பளையிலிருந்து பஸ்ஸில் நானுஓயா, அங்கிருந்து ரயிலில் ஹட்டன் தாண்டி வட்டவளை, அப்புறம் மலை ஏறி நடை. ஒரே நாளில் போய்த் திரும்பிவர அவள் என்ன கிளியா?

"போயிட்டு வரட்டுமா புள்ள? நீயே எண்ணிச் சொல்லு" என்றாள்.

நான் எண்ணினேன். பெரிய நீதிபதி மாதிரி எண்ணினேன். "முந்தின நாளும் போச்சு, அடுத்த நாளும் போச்சு, தீபாவளிச் சம்பளமும் போச்சு. பனிக்காலம் வேற வருது அண்ணி. அப்புறம் நூத்தம்பது எட்டாது."

"அப்ப வேணாம்" என்று சொல்லிவிட்டு அவள் முறத்தை எடுத்து அரிசி புடைக்க உட்கார்ந்தாள். முறத்தில் அரிசி இல்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அதைக் கவனித்தாள்.

அவர்களாவது வரலாமே என்று கேட்பீர்கள். அவள் அப்பாவும் அம்மாவும் அந்தத் தோட்டத்தில் அதே சட்டத்துக்குள் இருந்தவர்கள். இந்த மலையில் மகள், அந்த மலையில் தாய், இரண்டு பேரையும் அது ஒரே கயிற்றில் கட்டிப் போட்டிருந்தது. தலைதீபாவளிச் சேலை நாலு நாள் கழித்துத் தபாலில் வந்தது. கூட இருந்த முறுக்கு தூளாகிப் போயிருந்தது. அண்ணி அந்தத் தூளைக் கையில் அள்ளித் தின்றாள், எங்களுக்கும் கொடுத்தாள்.

தீபாவளிக்கு முந்தின நாள் இருட்டும் வரைக்கும் கொழுந்தெடுத்தோம். தீபாவளிக்கு அடுத்த நாள் காலை பிசாசு மழை. பெரட்டுக்களத்தில் கணக்கப்பிள்ளை குடைக்கடியில் நின்று தலை எண்ணினார். யார் யார் வரவில்லை என்று பார்ப்பதில்தான் அந்த மனுஷனுக்குத் தீபாவளி. அண்ணி ஒரு நாளும் தவறவில்லை. மூன்று நாளும் முழுசாக அவளுடையதாயிற்று. நான் இரண்டு கோடு போட்டேன். நடுவில் சிவப்பு நாளைத் தாண்டிவிட்டேன்.

மார்கழி, தை என்று பனி இறங்கியது. எங்கள் பக்கத்துப் பனி சும்மா குளிர் இல்லை. பள்ளத்துச் செடியெல்லாம் கருகிப்போகும். கொழுந்து இல்லாததால் வாரத்துக்கு நான்கு நாள் வேலை, சில வாரம் மூன்று. வேலை கொடுக்காதது தோட்டம், எண்ணிக்கை குறைவது எங்களுக்கு. பொங்கல் வந்தது, அதற்கும் முன்னும் பின்னும் போய் நின்றோம். அண்ணிக்கு வயிறு கனத்துவிட்டது. மேட்டில் ஏறினால் மூச்சு வாங்கும். கூடைக் கயிறு நெற்றியில் அழுத்த, ஒரு கையால் வயிற்றைத் தாங்கிக்கொண்டு மறு கையால் பறிப்பாள். ஒரு கையால் பறித்தால் எங்கே முழுப்பேர் விழும்?

ஆனால் விழுந்தது. எங்கள் பெண்கள் விழவைத்தார்கள்.

அது எங்கள் மலையில் ஒரு வழக்கம். யாராவது ஒருத்தி வாயும் வயிறுமாக இருந்தால், நிறுவைக்குப் போகிற வழியில் ஒவ்வொருத்தியும் தன் கூடையிலிருந்து ஒரு பிடி கொழுந்து எடுத்து அவள் கூடையில் போட்டுவிட்டு நடப்பாள். பேச்சு கிடையாது. போடுகிறவள் நின்று பார்க்கக் கூடாது, வாங்குகிறவள் நன்றி சொல்லக் கூடாது. சொன்னால் பிள்ளைக்கு ஆகாது என்பார்கள். தனக்கே அரை றாத்தல் குறையும் என்று தெரிந்தவள்கூட அந்த ஒரு பிடியைப் போடாமல் போக மாட்டாள். கங்காணி அந்த நேரம் பார்த்து வெற்றிலை மடிக்க அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வார். எந்தச் சட்டத்திலும் இல்லாத லீவு அது. எங்களுக்கு நாங்களே கொடுத்துக்கொண்டது.

மாசி கடைசி வந்தபோது என் காலண்டரில் நூற்று நாற்பத்தொன்பது கோடு இருந்தது. இன்னும் ஒன்று.

மறுநாள் விடியற்காலை வேலைக்கு ஆள் கூப்பிடத் தப்பு மேளம் அடிக்கிற சத்தத்தோடு அண்ணிக்கு வலியும் வந்தது. அவள் சொல்லவில்லை. படங்குச் சாக்கை இடுப்பில் சுற்றிக் கட்டிக்கொண்டு, கூடையையும் எடுத்துக்கொண்டு வாசல்படி வரைக்கும் போய்விட்டாள். அங்கே நிலையைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். பனிக்குடம் உடைந்து படியெல்லாம் நனைந்தது.

"ஏண்டி, புள்ளைய மலையில போடப் போறியா?" என்று அம்மா கத்திக்கொண்டு ஓடினாள்.

"இன்னக்கி ஒரு நாள்தான் அத்தை. அந்திக்கு வந்து பெத்துக்கிறேன்" என்றாள் அண்ணி.

இதைச் சொன்னால் சிரிப்பு வருகிறதா? அன்றைக்கு எங்களில் யாரும் சிரிக்கவில்லை. அவள் விளையாட்டுக்குச் சொல்லவும் இல்லை. ஒரு பெண்பிள்ளை தன் வலியிடமே அந்தி வரைக்கும் தவணை கேட்கிற நிலைக்கு வந்திருந்தாள். நான் அவள் கையிலிருந்து கூடையை வாங்கினேன்.

"நீங்க உள்ள போங்க அண்ணி. உங்க பேர நான் பாத்துக்கிறேன்."

பெரட்டுக்களத்துக்கு இரண்டு கூடையோடு போனேன். கங்காணி தலை எண்ணிக்கொண்டு வந்து என் முன்னால் நின்றார்.

"அண்ணி எங்க?"

"பின்னால வர்றாங்க."

அவர் இரண்டு கூடையையும் பார்த்தார். லயத்துப் பக்கம் ஒரு தரம் பார்த்தார். "சரி, வெரசா வரச் சொல்லு" என்று சொல்லிவிட்டு, கணக்கப்பிள்ளையிடம் ஆள் கணக்கில் அவளையும் சேர்த்துச் சொன்னார். அவருக்குத் தெரியும். மலைக்குப் போகிற வழியிலேயே எல்லாப் பெண்களுக்கும் தெரிந்துவிட்டது.

பத்து மணிக்குமேல் அண்ணன் மூச்சிரைக்க மேலே ஓடி வந்தான். "பொண்ணு!" என்று கத்தினான். மலை முழுக்கக் குலவைச் சத்தம். அண்ணன் வெட்கப்பட்டுக்கொண்டு திரும்பி ஓடினான். நல்ல வேளை, கணக்கப்பிள்ளை அப்போது வேறு மலையில் இருந்தார். அதற்கப்புறம் எங்கள் பெண்களின் கையைப் பிடிக்க முடியவில்லை. வழக்கமாக ஒரு பிடி போடுகிறவள் இரண்டு கையாலும் அள்ளிப் போட்டாள். மத்தியான நிறுவைக்கு நான் அண்ணி கூடையையும் தள்ளிக்கொண்டு போனபோது, "ஆள் எங்க?" என்று கணக்கப்பிள்ளை கேட்டார். "ஒதுங்கப் போயிருக்காங்க" என்றேன். அவருக்குத் தராசு போதும், முகம் வேண்டாம். அந்தி நிறுவையிலும் அப்படியே. அவர் கூட்டிப் பார்த்துவிட்டு எங்களைப் பார்த்துச் சத்தம் போட்டார்.

"இன்னக்கி மலைக்கே உங்க அண்ணிதான் மொதல். மாசமா இருக்கிறவ இவ்வளவு எடுக்கிறா, மத்தவளுகளுக்கு என்ன கேடு?"

நாங்கள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு இறங்கினோம். எங்களைவிடக் கெட்டிக்காரிகள் இந்த நாட்டிலேயே இல்லை என்று நினைத்துக்கொண்டோம். வீட்டுக்குப் போய்க் குழந்தையைப் பார்ப்பதற்கு முன்னால் நான் காலண்டரில் கோடு போட்டேன். நூற்றைம்பது. அண்ணி படுத்தபடியே கேட்டாள். சொன்னேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள், முகம் தெளிந்துவிட்டது. அந்த முகத்தை நான் மறக்கவில்லை. மறந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

யோசிக்கத் தெரியாமல் போயிற்றே எங்களுக்கு! தோட்டத்து டாக்டர் ஐயா வந்து குழந்தையைப் பார்த்து, பிறந்த நாளையும் நேரத்தையும் புத்தகத்தில் எழுதிவிட்டுப் போயிருந்தார். அந்தத் துண்டு ஆபீசுக்குப் போயிற்று. அங்கே செக்ரோலில் அதே தேதியில் அதே பெண் மலைக்கே முதலாகக் கொழுந்து பறித்திருந்தாள். ஒரு பேருக்குப் போதுமான அளவோடு நிறுத்தியிருந்தால் ஒரு வேளை யார் கண்ணிலும் பட்டிருக்காது. அன்பு மிஞ்சிப்போய் மாட்டிக்கொண்டவர்கள் நாங்கள்.

நாலாம் நாள் கங்காணியையும் என்னையும் ஆபீஸ் வாசலுக்குக் கூப்பிட்டார்கள். பெரிய தொரை வெள்ளைக்காரர். தோட்டத்துத் தமிழில் பேசுவார். மரியாதைச் சொல் ஒன்றுகூட இல்லாத தமிழ் அது. அதை அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ.

"ஒரே நாள். புள்ளயும் பெத்து, கொழுந்தும் பறிச்சு? நல்ல வேல. பொய் பேரு போட்டா எல்லாம் வெட்டு. புள்ளக் காசு இல்ல. போ."

கங்காணியை அந்தப் பொறுப்பிலிருந்து இறக்கி ஒரு மாதம் மண்வெட்டி வேலைக்கு அனுப்பினார்கள். எனக்கு ஒரு வாரம் வேலை இல்லை. அண்ணிக்கு நான்கு வாரமும் போயிற்று. கங்காணி என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. "விடு ஆத்தா, நான் கண்ண முழிச்சிக்கிட்டுத்தானே பேரு குடுத்தேன்" என்றார். திட்டியிருக்கலாம்.

வேலையில்லாத அந்த வாரத்தில் ஒரு நாள் தனியாக ஆபீஸ் ஜன்னலுக்குப் போனேன். காலண்டரையும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு போனேன். கிளாக்கர் ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். மூக்குக்கண்ணாடி, வெள்ளை வேட்டி, எங்களிடம் கத்தமாட்டார்.

"ஐயா, அந்தப் பொய் பேர வெட்டிட்டா எங்க அண்ணிக்கு நூத்தி நாப்பத்தொம்பதுங்க. ஒண்ணுதாங்க கொறையுது. எதாவது பாத்து..." என்றேன்.

அவர் செக்ரோலை எடுத்துப் பேனா முனையால் மாதம் மாதமாக எண்ணினார். பிறகு மறுபடியும் எண்ணினார். கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"நூற்றைம்பத்தொன்று இருக்குது, பிள்ளை. அந்தப் பேரை வெட்டின பிறகும் நூற்றைம்பத்தொன்று."

காலண்டரை ஜன்னல் வழியாக நீட்டினேன். அவர் வாங்கிப் பார்த்துவிட்டு இரண்டு இடத்தில் விரலை வைத்தார். இரண்டும் சிவப்பு.

"தீபாவளியும் தைப்பொங்கலும் எண்ணேல்லையோ? சம்பளத்தோடை விட்ட நாளும் வேலை நாள்தான். சட்டத்திலை இருக்குது." சுவரைக் காட்டினார். கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு பெரிய கடுதாசி, முழுக்க இங்கிலீசு. தமிழில் ஒன்று அலமாரிக்குள் இருப்பதாகவும் சொன்னார்.

"ஏங்க ஐயா, இத எங்ககிட்ட யாருமே சொல்லலீங்களே?"

"ஒருத்தரும் வந்து கேக்கேல்லையே, பிள்ளை."

கேட்கவில்லையாம்! ஆபீஸ் வாசலில் நாங்கள் ஏறக்கூடாது, ஜன்னலுக்குக் கீழே நின்றுதான் பேச வேண்டும், பேசினாலும் கணக்கப்பிள்ளை மூலமாகப் பேச வேண்டும். முந்தின நாள் வா, அடுத்த நாள் வா, அரைப்பேர் சேராது, வேறு தோட்டத்து நாள் செல்லாது: எங்களுக்குக் குறைகிற சட்டம் ஒவ்வொன்றும் தப்பு அடித்து லயம் லயமாகச் சொல்லப்பட்டது. எங்களுக்குக் கூடுகிற சட்டம் ஒன்றே ஒன்று இருந்தது, அது அலமாரிக்குள் இருந்தது.

"அப்ப இப்ப குடுங்க ஐயா. அதான் நூத்தம்பத்தொண்ணு இருக்கே" என்றேன்.

"இனி ஏலாது. பொய்ப் பேர் விழுந்ததாலை உரிமை இல்லையெண்டு தொரை கையெழுத்து வைச்சிட்டார். நானென்ன செய்யிறது?" என்று காலண்டரைத் திருப்பிக் கொடுத்தார். அவர் கெட்ட மனுஷன் இல்லை என்று அம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள். இருக்கட்டும். கெட்டவனாக இருந்தால் எனக்குத் திட்டுவதற்காவது வசதியாக இருந்திருக்கும்.

சங்கத்துக்குக் கடிதம் எழுதினேன். ஹட்டனிலிருந்து ஒருவர் வந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பொய் பேர் போட்டது தப்புதானேம்மா, அத வச்சுக்கிட்டு நாங்க எப்படிப் பேசுறது?" என்று டீ குடித்துவிட்டுப் போனார்.

ஆனால் அதற்கு முன்னால், ஜன்னலிலிருந்து திரும்பிய அன்றைக்கே, அண்ணியிடம் நான் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லாமல் மறைத்துவிடலாம் என்று வழியெல்லாம் நினைத்தேன். வீட்டுக்குள் நுழைந்ததும் வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவள் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். கேட்டுவிட்டுக் குழந்தையை மறு பக்கம் மாற்றிப் போட்டாள்.

"தீபாவளியுமா?" என்றாள்.

"ஆமாண்ணி."

"எங்கம்மா மூஞ்சியப் பாக்காம இருந்து சம்பாரிச்ச நாளு அது. அதையா எண்ணாம விட்ட, புள்ள?"

குரல்கூட உயரவில்லை. செருப்பால் அடித்திருந்தால் தேவலை. அந்தப் பொய்ப் பேர் தேவையே இல்லை. வலி வந்ததும் அவள் பேசாமல் படுத்திருந்தால் போதும், நான் பேசாமல் என் கூடையோடு மலைக்குப் போயிருந்தால் போதும், நான்கு வாரம் அவளுக்கு உரியதாக வந்திருக்கும். அவளுடைய நாளை நான் எண்ணவில்லை. எண்ணியவர்கள் எங்களுக்குச் சொல்லவில்லை. இரண்டில் எதை மன்னிப்பது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை, ஒன்றையும் மன்னிக்கவும் இல்லை.

பிறகு அந்தக் கிளாக்கர் ஐயாவிடமே போய், அலமாரிக்குள் இருந்த தமிழ்க் கடுதாசியை ஜன்னலில் நின்று வாசிக்கச் சொல்லி, வரி வரியாக மனப்பாடம் செய்தேன். அவரும் வாசித்தார். அடுத்த பத்து வருஷமும் எங்கள் தோட்டத்தில் யாருக்கு நாள் தள்ளிப் போனாலும் முதலில் என்னிடம்தான் வருவார்கள். சிவப்பு நாளையும் எண்ணு என்று லயம் லயமாகச் சொன்னேன். பத்துப் பன்னிரண்டு பெண்களாவது அதனால் வீட்டில் இருந்து பிள்ளைக்குப் பால் கொடுத்தார்கள். என்னைக் கெட்டிக்காரி என்றார்கள். அண்ணி அதைச் சொன்னதில்லை.

அவள் பிள்ளை பெற்ற பன்னிரண்டாம் நாள் மலைக்கு வந்தாள். தீட்டுக்கூடக் கழியவில்லை. குழந்தையைப் பிள்ளைக்காம்பராவில் ஆயாவிடம் கொடுத்துவிட்டு, வயிற்றில் துணியை இறுகக் கட்டிக்கொண்டு, எனக்கு அடுத்த வரிசையில் நின்றாள். மத்தியானத்துக்குள் ஜாக்கெட் இரண்டு பக்கமும் பாலால் நனைந்துபோயிற்று. குளிருக்கு அது விறைத்து நின்றது. அந்தக் கையா அவ்வளவு மெதுவாகப் போயிற்று என்று எனக்கு நம்ப முடியவில்லை.

அந்தி நிறுவைக்கு நடந்தோம். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. ஒவ்வொருத்தியும் தன் கூடையில் கைவிட்டு ஒரு பிடி எடுத்துக்கொண்டாள். முன்னால் போன கிழவி முதலில் அண்ணியின் பக்கம் வந்து கையை நீட்டினாள். அண்ணி இடுப்பிலிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்துக் கூடையின் வாயை மூடினாள்.

"வேணாம் ஆத்தா. யாரும் போட வேணாம். எனக்கு எம்புட்டு விழுதோ அம்புட்டு விழட்டும்."

பெண்கள் கையில் கொழுந்தோடு நின்றார்கள். பிறகு ஒவ்வொருத்தியாகத் தன் கூடையிலேயே அதைப் போட்டுக்கொண்டு இறங்கினாள். அதற்கப்புறம் எங்கள் மலையில் எந்தப் பிள்ளைத்தாய்ச்சிக்கும் யாரும் ஒரு பிடி போட்டு நான் பார்க்கவில்லை.

தராசில் அண்ணிக்கு மூன்று றாத்தல் குறைந்தது. கணக்கப்பிள்ளை அவள் முகத்தை நன்றாகப் பார்த்து, ஆள் அவள்தான் என்று நிச்சயப்படுத்திக்கொண்டு, அரைப்பேர் எழுதினார்.